பிரிட்டன் விலகியதும் எங்கள் தெருவும்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகியதைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று அன்பர்கள் வினவலாம். நாமோ கோவாவில் வந்து குடியேறிய தமிழர். மீன் விலையும், மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதும், பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடைக்காமையும் நமக்குப் போதிய கவலைகள். எனினும், வாஸ்கோவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன். இலண்டனிலே முடிவான அந்த விலகல், நம்மைச் சுற்றியுள்ள கோவாக்காரர் வீடுகள் பலவற்றின் அடுக்களை வரையில் புகுந்துவிட்டது. அதனை அருகிருந்து கண்டவர்கள் நாம்.

காரணம் வரலாற்றில் உள்ளது. 1510 முதல் 1961 வரை, 451 ஆண்டுகள், கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பர் 19-ஆம் நாளுக்கு முன் இங்குப் பிறந்தவர்களைத் தன் குடிகளாகவே போர்த்துகல் நாட்டுச் சட்டம் கருதி வந்துள்ளது. அவர்களுடைய பிறப்பை லிஸ்பன் நகரத்துப் பதிவகத்தில் ஏற்றிவிட்டால் மக்களும் பேரர்களும் அந்நாட்டுக் குடியுரிமையைக் கோரலாம். 1986-இல் போர்த்துகல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தது; பிரிட்டனோ 1973 முதலே அதில் இருந்தது. எனவே லிஸ்பன் கடவுச்சீட்டு ஒன்று கையில் இருப்பின், விசா இன்றி இங்கிலாந்து சென்று உழைத்துப் பிழைக்கலாம் என்றாயிற்று. போர்த்துக்கீசிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத நம் தெரு இளைஞர்கள் அந்நாட்டுக் குடிகளாகி, ஸ்விண்டனிலும் சவுத்தாலிலும் சென்று தங்கிய விந்தை இவ்வாறு நிகழ்ந்ததே.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் 1950-இல் பிறந்தவர். கப்பலிலே சமையற்பணி செய்து ஓய்வுபெற்றவர். தம் மகனுக்காக அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். கோயிற்பதிவில் அவருடைய தந்தை பெயர் ஒருவகையாகவும், பள்ளிச் சான்றில் வேறு வகையாகவும் எழுதப்பட்டிருந்தது. அந்த ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு ஈராண்டுகள் சென்றன; தென்னந்தோப்பில் இருந்த பங்கும் சென்றது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லையாதலால், பையன் தன் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டே 2010-இல் விமானம் ஏறினான். ஸ்விண்டனில் ஒரு பெரிய கிடங்கில் இரவுப்பணி. தங்கைக்கும் தாள்கள் தயாராகிக்கொண்டிருந்தன.

இந்நிலையில் 2016 ஜூன் 23-ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு வந்தது. ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்பதே வினா. அதிலே வாக்களிக்கத் தக்கவர் யாவர் என்பதைப் பலர் இன்னும் அறியார். பிரிட்டிஷ் குடிகள், அயர்லாந்துக் குடிகள், பிரிட்டனில் வாழும் காமன்வெல்த் நாட்டுக் குடிகள் ஆகியோர்க்கு வாக்கு உண்டு. பிரான்சு, போலந்து, போர்த்துகல் முதலிய நாட்டுக் குடிகளுக்கு, அங்கேயே இருபது ஆண்டுகள் வரி செலுத்தியிருந்தாலும், இல்லை. ஆகவே ஸ்விண்டன் பையனுக்கு வாக்கில்லை. அவன் இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கிருந்தானாயின் அவனுக்கு வாக்கு இருந்திருக்கும்! எந்தச் சீட்டைக் கொடுத்து உள்ளே நுழைந்தானோ, அந்தச் சீட்டுக்கே அன்று மதிப்பு இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பத்தார் எவரேனும் இலண்டனில் இருந்திருப்பின் அவர்கள் நிலையும் இதுவே.

என் தங்கை மகன் அப்போது இலண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் இருந்தான். 2013-இல் சென்றவன், பணி விசாவிலே இருந்தவன். "மாமா, எனக்கு வாக்குச்சீட்டு வந்திருக்கிறது" என்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே கூறினான். எந்தப் பக்கம் போடப்போகிறாய் என்று கேட்டேன். விலகுவதற்கே என்றான். அவன் காட்டிய காரணம் கணக்குப் புத்தகத்தைப்போல் தெளிவாக இருந்தது. ஐரோப்பியர் விசா இன்றி வருகின்றனர்; நமக்கோ சம்பள வரம்பு, விசாக் கட்டணம், அதன்மேல் 2015 முதல் மருத்துவத்திற்கென்று ஆண்டுக்கு 200 பவுன். படித்து முடித்த மாணவர் தங்கி வேலை தேடுவதற்கு இருந்த விசாவையும் 2012-இல் நிறுத்திவிட்டனர். அவர்களுக்குக் கதவு அடைபட்டால் நமக்குத் திறக்கும் என்பது அவன் கருத்து. இதனையே விலகற் பிரசாரகர்கள் சிலரும், சமையற்காரர் கிடைக்காமல் தவித்த கறி உணவகங்களைச் சுற்றிவந்து கூறிக்கொண்டிருந்தனர். நான் மறுத்துப் பேசினேன். "உனக்கு மூன்றாண்டுப் பழக்கமுள்ள ஊர். ஊர் திரும்பும் எண்ணமும் உனக்கு உண்டு. உன் வாக்கால் வீடு கலைவது வேறொருவனுக்கு" என்றேன். "அதற்கு நான் என்ன செய்வேன் மாமா? சட்டம் என்னைத்தானே கேட்கிறது" என்றான். அந்த விடைக்கு எதிர்விடை எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

இச்செய்தியை எதிர்வீட்டாரிடம் நான் சொன்னதில்லை. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்னும் துணிவில்தான் இங்கே எழுதுகின்றேன்.

முடிவு வெளிவந்தது 24-ஆம் நாள் வெள்ளிக்கிழமை; இந்திய நேரம் காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின். கோவாவில் அன்று சான் ஜோவாவ் திருநாள். இலையும் பூவும் கொண்டு முடி பின்னித் தலையில் அணிந்து, மழைநீர் நிறைந்த கிணறுகளில் இளைஞர்கள் குதிக்கும் நாள். எங்கள் தெருவிலும் மேளம் வந்தது. எதிர்வீட்டு அம்மையார் வழக்கம்போல் பழமும் பானமும் கொடுத்து அனுப்பினார். ஆனால் வீட்டினுள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விலக வேண்டும் என்றோர் 51.9 விழுக்காடு, இருக்க வேண்டும் என்றோர் 48.1. ஸ்விண்டனிலும் பெரும்பான்மையோர் விலகவே வாக்களித்திருந்தனர். அம்மையார் வருந்தியது இந்த ஒன்றுக்காகத்தான். "பக்கத்து வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே, அவன் இன்றிரவு எப்படி வேலைக்குப் போவான்?" என்று என் மனைவியிடம் கேட்டாராம். பவுன் மதிப்பும் அன்றே சரிந்தது. டாலருக்கு எதிரே 1985-க்குப் பின் காணாத வீழ்ச்சி. பவுனில் ஊதியம் பெற்று ரூபாயில் வீடு கட்டுவோர் அன்று மாலையே சிமெந்துக் கணக்கைத் திருத்தி எழுதத் தொடங்கினர்.

நம் சங்க வாசகசாலையிலோ வேறு வகையான பேச்சு. பிரித்தாண்டவன் தானே பிரிந்துபோகின்றான் என்று மகிழ்ந்தவர் பலர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அன்றோ! ஒரு முதியவர் மட்டும் அதில் சேரவில்லை. அவருடைய பாட்டனார் இரங்கூன் அரிசி ஆலையில் கணக்கெழுதியவர். 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவினின்றும் தனியாகப் பிரிக்கப்பட்டது. உள்நாட்டுக்குள் பயணம் செய்வதாக எண்ணிக் கடல் கடந்து சென்ற தமிழர் அன்றுமுதல் அந்நிய நாட்டில் இருப்பவர் ஆயினர். "அன்று எங்கள் வீட்டில் யாரும் அரசியல் பேசவில்லையாம், பெட்டியில் என்னென்ன தாள் இருக்கிறது என்று பார்த்தார்களாம்" என்றார் அவர். பேச்சு அத்துடன் அடங்கியது.

பெட்டியைத் திறந்து தாளைப் பார்த்தவர்கள் எல்லா இடத்தும் இருந்தனர். ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் வெயிலுக்காகச் சென்று தங்கிய ஆங்கிலேயர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களுள் பிரிட்டனை விட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்க்கு வாக்கில்லை. அங்கே குடிப்பதிவு இல்லாது வீடு மட்டும் வைத்திருந்தவர்கள், பிற்பாடு 180 நாட்களில் 90 நாட்களுக்குமேல் தங்கலாகாது என்று நாட்காட்டியை எண்ணவேண்டியவராயினர். பதினைந்தாண்டு வரம்பை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வாக்கு வந்தபோது வழக்கு முடிந்திருந்தது! ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய ஜிப்ரால்டரில் இருக்க வேண்டும் என்றோர் 19,322 பேர். விலக வேண்டும் என்றோர் 823 பேர். நாள்தோறும் எல்லையைத் தாண்டிவரும் வேலையாட்களைக்கொண்டு வாழும் ஊர் வேறு எவ்வாறு வாக்களிக்கும்?

அயர்லாந்தைக் காண்க. வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை. 1998-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் அங்கே காவற்சாவடி இல்லை. வயலும் சாலையும் எல்லையை அறியாது கிடந்தன. வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் இருக்கவே விரும்பினர். ஆயினும் இங்கிலாந்தின் எண்ணிக்கையோடு சேர்ந்து வெளியேறினர். இங்கே எனக்கு வியப்பளித்தது மற்றொன்று. பாட்டனோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் பேரர்கள் அந்நாட்டுக் குடியுரிமை பெறலாம். ஆதலால் வாக்கெடுப்பிற்குப் பின் இங்கிலாந்தில் ஆயிரமாயிரம் பேர் தங்கள் பாட்டியின் பிறப்புச் சான்றைத் தேடத் தொடங்கினர். எங்கள் எதிர்வீட்டில் பல ஆண்டுகளாக நடந்த அதே தேடல்! எதிர்வீட்டுக்காரர் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். நெடுநாட்களுக்குப் பின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

வெளியூரில் இருந்தவனைக் கேளாமல் முடிவு செய்வது அவருக்குப் புதிதன்று. 1967 ஜனவரி 16-இல் கோவாவிலேயே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மகாராட்டிரத்தோடு இணைவோர் பூவுக்கும், தனியே இருக்க விரும்புவோர் இரட்டை இலைக்கும் வாக்களிக்க வேண்டும். (நமக்கு இரட்டை இலை என்றால் வேறொன்று நினைவுக்கு வரும், அது பிந்தியது.) 172,191 பேர் தனியே இருக்கவும், 138,170 பேர் இணையவும் வாக்களித்தனர். அப்போது அவர் தந்தையார் பம்பாயில் தோபித்தலாவ் பகுதியில், தம் கிராமத்தார் கூடித் தங்கும் மன்றத்தில் இருந்தார். வெளியில் வாழும் கோவாக்காரர்க்கும் வாக்கு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. தந்தையார் அவ்வாரம் முழுவதும் வீட்டுக்குக் கடிதமே எழுதவில்லையாம்.

இவ்வளவும் கூறியதனால் விலகியவர்களை நான் பழிக்கின்றேன் என்று எண்ண வேண்டா. தன் வீட்டுச் சட்டத்தைத் தானே இயற்ற விரும்புவது ஒரு நாட்டின் உரிமை. 2004-இல் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, தொழிலாளர்க்கு உடனே கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றே. ஊதியம் உயராத ஊர்களில் வாழ்ந்தவர் அதன் பயனை உணரவில்லை. அவர்களிடம் முன்கூட்டி எவரும் கேட்டதும் இல்லை. கேளாமை இரு பக்கத்தும் இருந்தது. ஆனால் மாமியார் மருமகள் வழக்கில் வாடகைக்கு இருப்பவன் சாமான் தெருவுக்கு வருவதைப்போல, சண்டையில் இல்லாதவனுக்கே முதலில் கலக்கம் ஏற்பட்டது என்பதை மறுக்க இயலாது.

பிரிட்டன் விலகியது 2020 ஜனவரி 31 நள்ளிரவை ஒட்டி. நமக்கு அப்போது பிப்ரவரி முதல் நாள் விடியற்காலை நாலரை மணி. அவ்வாண்டின் இறுதிக்குள் அங்கே குடியிருந்தவர்கள் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்துத் தங்கும் உரிமையைப் பெறலாம் என்றனர். ஐந்தாண்டு வாழ்ந்தவர்க்கு நிலையுரிமை; குறைந்தவர்க்கு இடைக்கால உரிமை. 60 இலட்சத்திற்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. ஸ்விண்டன் பையனுக்கு நிலையுரிமை எளிதாகவே கிடைத்தது. ஆயின் அதற்குச் சான்றாக ஓர் அட்டையோ புத்தகமோ இல்லை. அரசின் கணினியில் ஒரு குறிப்பு மட்டுமே. தந்தையார்க்கு இது ஒவ்வவேயில்லை. ஓர் எழுத்துக்காகத் தோப்பை விற்ற மனிதர் அவர். "கையில் தாள் இல்லாத உரிமை என்ன உரிமை?" என்று என்னைக் கேட்டார். கணினித் திரையின் படத்தை அச்செடுத்து, நெகிழித்தாளில் உறையிட்டு, அலமாரியில் வைத்த பிறகே அவருக்கு உறக்கம் வந்தது.

தங்கை நேரத்தில் போய்ச்சேர இயலவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றன. அவள் தாள்கள் முடிந்தபோது ஆண்டும் முடிந்தது. லிஸ்பன் கடவுச்சீட்டுக்கு 27 நாடுகள் திறந்திருந்தன. அண்ணன் இருந்த நாடு மட்டும் அதில் இல்லை. ஆங்கிலம் பேசிப் பிழைக்கத்தக்க இடம் என்று அயர்லாந்துக்குச் சென்றாள். டப்ளினில் முதியோர் இல்லம் ஒன்றில் பணி. அண்ணனைக் காண ஒரு மணி நேர விமானப் பயணம். காண்கின்றாள், ஆனால் விருந்தாளியாகவே.

என் தங்கை மகன் 2018-லேயே சென்னைக்குத் திரும்பிவிட்டான். அவன் கணக்கில் பாதி பலித்தது என்றே சொல்ல வேண்டும். 2021-இல் படித்த மாணவர்க்கான விசாவை மீண்டும் கொடுத்தனர். இந்தியர் பெருந்திரளாகச் சென்றனர். மருத்துவக் கட்டணமோ 2024-இல் ஆண்டுக்கு 1,035 பவுன் ஆயிற்று. அவனோ அந்த ஊர்ப் பேச்சையே எடுப்பதில்லை.

சென்ற கிறிஸ்துமசுக்கு ஸ்விண்டனிலிருந்து மகனும் மருமகளும் குழந்தையோடு வந்திருந்தனர். நிலையுரிமை பெற்ற தந்தைக்கு அங்கே பிறந்த குழந்தை பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடி. எதிர்வீட்டுக்காரர் பேத்தியின் கடவுச்சீட்டை என்னிடம் காட்டினார். ஒன்றியத்துக் காலத்துச் செந்நிறத்தை ஒழித்து, 2020 முதல் பிரிட்டன் கொண்டுவந்த நீல நிறப் புத்தகம். விலகியதன் பெருமைக்கு அடையாளம் என்று அந்நாட்டு அமைச்சர்கள் பேசிய புத்தகம். அதன் ஏடுகளை ஆக்கும் ஒப்பந்தம் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்குச் சென்றதென்றும், அவை போலந்தில் ஆக்கப்பட்டன என்றும் நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியில் அந்த நெகிழித்தாள் உறைக்கு மேலே வைத்துப் பூட்டினார்.