சிடைம்னா என்ன நேரம்?

எங்க ஊரு பாறசாலை. கிழக்கே போனா களியக்காவிளை, வடக்கே போனா நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ல் எல்லை போட்டப்போ விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோட நின்னுச்சு. வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம்னு வளர்ந்த எங்களுக்கு ஒரு விஷயம் சின்ன வயசுலயே தெரியும். ஒரே சொல் செக்போஸ்ட்டைத் தாண்டினா அர்த்தம் மாறிடும். நமக்குப் பனின்னா குளிர், அவங்களுக்குக் காய்ச்சல். நமக்குச் சம்சாரம்னா மனைவி, அவங்களுக்குப் பேச்சு :-)

கம்ப்யூட்டர்லயும் அப்படி ஒரு சொல் இருக்கு: சிடைம். யூனிக்ஸ்ல அந்த 'சி', 'சேஞ்ச்'. ஒரு ஃபைலோட உள்ளடக்கம், அனுமதி, உரிமையாளர் இதுல ஏதாவது கடைசியா மாறின நேரம். விண்டோஸ்ல பைத்தான் அதே பேருக்கு ஃபைல் உருவான நேரத்தைக் கொடுத்துச்சு. 2023-ல் வந்த பைத்தான் 3.12-லதான் 'விண்டோஸ்ல உருவான நேரத்துக்கு இதை நம்பாதீங்க, பர்த்டைம்னு தனியா இருக்கு'ன்னு சொன்னாங்க. பிஹெச்பி கையேடோ, சிடைமை உருவான நேரம்னு சில புத்தகங்கள் சொல்றது தப்புன்னே எழுதி வச்சிருக்கு.

எங்க ஆபீஸ் லினக்ஸ் கையேட்டுல 'சிடைம்: கிரியேஷன் டைம்'னு ஒரு வரி ரொம்ப நாளா இருந்துச்சு. போன வருஷம் தணிக்கைக்கு வந்தவங்க அதை வச்சு, கூட வேலை பார்க்கிற பையன் மேல குற்றம் சொன்னாங்க. மார்ச்ல எழுதினதா சொன்ன அறிக்கைக்கு சிடைம் ஜூன் காட்டுது, அதனால பின்னாடி தயார் பண்ணினதாம். அவன் விசாவே இந்த வேலையை நம்பித்தான்.

ஜூன்ல அந்த ஃபோல்டர் முழுக்க அனுமதிகளை மாத்தியிருந்தாங்க. எல்லா ஃபைலுக்கும் அதே நாள்தான் காட்டிச்சு. உள்ளடக்கம் மாறின நேரம், எம்டைம், மார்ச்னு இருந்துச்சு. ஆனா அதை யாரும் மாத்திட முடியும்கிறதால ஏப்ரல் பேக்கப்பைத் திறந்து காட்டினேன். அதே அறிக்கை, ஒரு எழுத்து மாறாம. குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிட்டாங்க.

ஐ.டி. தெரியாதவங்களுக்கு ஒரு உதாரணம். நிலத்தைப் பேர் மாத்துறதுக்கு எங்க வில்லேஜ் ஆபீஸ்ல 'போக்குவரவு'ன்னு பேரு. அந்தத் தேதியைப் பார்த்து, வீடு கட்டினதே அன்னைக்குத்தான்னு சொன்னா எப்படி?

கையேட்டு வரியைத் திருத்தணும்னு கேட்டப்போ மேனேஜர், "தெரிஞ்சவங்களுக்குத் தெரியுமே"ன்னார். தெரிஞ்சவங்க கையேட்டைப் பார்க்க வர மாட்டாங்களேன்னேன். இப்போ இருக்கிற வரி இது: "சிடைம்: உள்ளடக்கமோ அனுமதியோ உரிமையாளரோ கடைசியாக மாறிய நேரம். உருவான நேரம் அல்ல. அதற்கு ஸ்டாட் கட்டளையின் பர்த் வரியைப் பார்க்கவும். வேறு டிஸ்கில் நகலெடுத்த ஃபைலுக்கு நகலெடுத்த நேரமே அதில் வரும்."

உங்க ஆபீஸ் கையேட்டுலயும் சிடைம்னு தேடிப் பாருங்க. பக்கத்துல கிரியேஷன்னு இருந்தா, யாராவது மாட்டிக்கிறதுக்கு முன்னாடி திருத்திடுங்க.