கட்டியங்காரன்

உங்கள் காரில் ‘சோக்’ இருக்கிறதா? இருக்காது. அப்படியென்றால் என்ன என்று கேட்பவராக இருந்தால், உங்கள் வயது நாற்பதுக்குள் என்று தைரியமாக ஊகிக்கலாம். டாஷ்போர்டில் ஒரு சின்னக் குமிழ். காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அதை வெளியே இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சூடாகச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதை எஞ்சினே சொல்லும். நமக்குக் காது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’-இல்தான் சிக்கல்.

நங்கநல்லூரில் எனக்கு ஒரு நண்பர். ரிடையர்டு பாங்க் ஆபீஸர், எழுபத்து நாலு வயது. அவரிடம் 1970-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. பால் வெள்ளை, சிவப்பு ஸீட். இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் காலை ஐந்தே முக்காலுக்கு அவர் பக்கத்தில் நான் ஆஜர். சும்மா இல்லை, உத்தியோகம். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கருவி மாட்டியிருக்கிறார். அது காற்று, ஹார்ன், எஞ்சின் எல்லாவற்றையும் ஒரே சாம்பாராக்கிக் கொடுக்கிறதாம்.

“ஹார்ன் எல்லாம் நல்லாக் கேக்குது சார். வண்டி என்ன சொல்லுதுன்னுதான் புரியலை. நீங்க கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

ஆக, நான் ஹெரால்டின் மொழிபெயர்ப்பாளன்.

ஹெரால்டு என்றால் கட்டியங்காரன். தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் வந்து அறிவிப்பானே, அவன்தான். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961-இலிருந்து அது நம்ம ஊர் வண்டி. வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். அம்பாஸடர் கல்கத்தாவுக்கு, ஃபியட் பம்பாய்க்கு என்றால் ஹெரால்டு மெட்ராஸுக்கு. அதிலும் நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே இங்கே மட்டும்தான் செய்யப்பட்டது. வெள்ளைக்காரர்கள் இரண்டு கதவோடு நிறுத்திக்கொண்டார்கள். மாமியாரையும் இரண்டு குழந்தைகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற தேவை அவர்களுக்கு இல்லை போலிருக்கிறது.

வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சடங்கு. சாதாரணக் காரில் பானட் என்பது ஒரு மூடி. ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் சகிதம், முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே வாட்டமாக உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒரே கூடாக பாடி செய்துகொடுக்க வேண்டிய கம்பெனியை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். வேறு வழியில்லாமல் செய்த காரியம், நண்பர் எழுபத்து நாலு வயதில் குனியாமல் ஆயில் பார்க்க உதவுகிறது. டயரில் உட்கார்ந்து டிப் ஸ்டிக்கைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பேத்திக்குத் தலை பின்னிவிடுகிற முகம்.

அப்புறம் சோக், சாவி, இரண்டு இருமல், ஒரு தும்மல், எஞ்சின் ஓட ஆரம்பிக்கும். பெட்ரோல், பழைய ரெக்ஸின், சூடான ஆயில் மூன்றும் கலந்த ஒரு வாசனை. எனக்கு முப்பது வருஷம் குறைந்துவிடும்.

ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எண்பதில் போகிற மாதிரி இருக்கும். தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னல் முன்னால் ஒரு முக்கோணக் கண்ணாடி. அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக மார்பில் அடிக்கும். ஏஸி கண்டுபிடித்த பிறகு மனித குலம் இழந்த விஷயங்களில் அந்த முக்கோணக் கண்ணாடியும் ஒன்று என்பது என் கட்சி. பவர் ஸ்டியரிங் கிடையாது. ஆனாலும் சுமார் 25 அடி அகலம் இருந்தால் முழு வட்டமும் திரும்பிவிடும். இன்றைய குட்டிக் கார்களுக்கே 30 அடி வேண்டும். நங்கநல்லூர்த் தெருவில் ஒரே வீச்சில் யூ டர்ன் அடித்துக் காட்டுவார், பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள்.

முதல் கியரில் மட்டும் ஸின்க்ரோமெஷ் கிடையாது. அதாவது, ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு வர வேண்டுமானால் கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். சரியாகச் செய்தால் வாழைப்பழத்தில் ஊசி. இல்லையென்றால் இரும்புக் கடை. நண்பர் இதைத் தாம்பரத்து நெரிசலில் யோசிக்காமல் செய்வார், வெற்றிலை மடிப்பதைப் போல.

என் உத்தியோகத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட அகராதி இது. மேலே டிக் டிக் என்று டேப்பெட் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும், இடைவெளி குறைந்து வால்வு கருகிவிடலாம். மேட்டில் ஏறும்போது சில்லறை குலுக்கும் சத்தம் வந்தால் கியரைக் குறைக்க வேண்டும். இடது பக்கம் வளையும்போது முனகல் கூடினால் வலது பக்க வீல் பேரிங், வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது. நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வருவார். சில சமயம் “இல்லையே, அது பஸ்ஸோட சத்தம்” என்பார். காது கேட்காதவர் சொல்கிறார்! பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் வரும்போது வேகத்தைக் குறைப்பார். ஹெரால்டு பிறந்த இடம். அதற்குப் பின்னால் கஸெல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று செய்தார்கள். மாருதி வந்து அதிகம் ஆகாத நேரம், எடுபடவில்லை. அத்தோடு சரி. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த ஆபீஸ்களும் அடுக்குமாடி வீடுகளும். நண்பர் எதுவும் பேச மாட்டார். ஹார்னை ஒரு தடவை லேசாக அமுக்குவார்.

வண்டலூரில் இடது பக்கம் திரும்பி மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம். அங்கே டீ. யாராவது ஒருவர் வந்து “எங்க அப்பா இதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டாரு” என்று கதவைத் தடவுவார். அப்புறம் கோவளம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் உப்பளம், தண்ணீரில் வானம், ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. வெயில் ஏறாத அந்த நேரத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் ஓடும். எனக்கு அங்கே வேலையே இருக்காது. “என்ன சொல்லுது?” என்பார். “ஒண்ணும் சொல்லலை சார், பாடுது” என்பேன்.

திரும்பும்போது கதை வேறு. ஒன்பது மணி வெயிலில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். வண்டி இரண்டு குதி குதித்து நிற்கும். ஸீட்டுக்கு அடியில் இதற்கென்றே ஒரு துணி வைத்திருக்கிறார். நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டு, பத்து நிமிஷம் வேப்ப மரத்தடியில் நின்றால் கோபம் தீர்ந்து கிளம்பிவிடும். பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-இல் 20 சதவீத எத்தனால் கலவை நாடெங்கும் வந்தாயிற்று, பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து மாற்றினோம்.

அவர் பையன் பெங்களூரில் இருக்கிறான். நல்ல பையன், கவலைப்படுகிறான். 2021-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம், தனி நம்பர் பிளேட்டோடு. புதிதாகப் பதிய இருபதாயிரம், மறுபதிவுக்கு ஐயாயிரம். ஆனால், அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இவற்றுக்கு மட்டும்தான் எடுக்கலாம். கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் செய்துகொள்ளலாம். “பண்ணிடுங்கப்பா, வண்டி பத்திரமா இருக்கும்” என்கிறான் பையன். வண்டியைச் சொல்கிறானா அப்பாவைச் சொல்கிறானா என்று நமக்குத் தெரியாதா?

நண்பர் அந்த விதியை பாங்க் சர்க்குலர் மாதிரி இரண்டு தடவை படித்தார்.

“ரிப்பேர் பார்க்க எடுத்துட்டுப் போகலாமாம்ல?”

“ஆமா.”

“கோவளத்துல ஒரு நல்ல மெக்கானிக் இருந்தாச் சொல்லுங்க.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய வண்டி நின்றால் கெட்டுப்போகும். ஸீல் காயும், பிரேக் இறுகும், பெட்ரோல் பிசினாகும். டாக்டர் அவரிடம் “வீட்டை விட்டுக் கிளம்பி தினம் நடங்க” என்று சொன்னதும் அதே வாரத்தில்தான்.

போன மாசம் கேளம்பாக்கத்தில் டீ குடித்துவிட்டு வந்தவர், சாவியை என்னிடம் நீட்டினார். “இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. நான் கேக்கறேன்.” காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செருப்பையும் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரைத் தகட்டில் பதித்து, உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. உப்பளத்தைத் தாண்டும்போது, “லேசா இடது பக்கம் ஒடிங்க” என்றார். ஒடித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “இன்னும் கொஞ்சம்.” அப்போதுதான், மிக மெல்லிசாக, தம்பூரா மாதிரி ஒரு முனகல்.

“வலது பக்க வீல் பேரிங்” என்றார். “ரெண்டு வாரமா இருக்கு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.”

வருகிற சனிக்கிழமை ராயப்பேட்டை மெக்கானிக் பாயிடம் வண்டியை விடுகிறோம். ஞாயிறுக்குள் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.