மூன்று நதிகளின் நகரம்

2018ஆம் ஆண்டுக் கோடையில், தன்யூப் நதிவழிச் சென்ற எமது கப்பல் ஜேர்மனியின் பாஸாவ் நகரில் ஒரு பகல் தங்கிற்று. பேராலயத்தில் 17,974 குழல்கள் கொண்ட ஓர்கன் வாத்தியத்தை நண்பகலிற் கேட்பதென்றே கரையேறினோம். ஆனால், நகரமண்டபச் சுவரில் வெள்ளம் ஏறிய மட்டங்களை ஆண்டுவாரியாகக் குறித்திருந்தமை எம்மை நிறுத்திவிட்டது. 2013இன் குறியை அண்ணாந்தே பார்த்தோம். 1501க்குப் பின் அத்துணைப் பெருவெள்ளம் வந்ததில்லையாம்.

நகரின் முனையிலோ, பனிமலை நீரால் வெளிறிய ‘இன்’ நதியும் கரிய ‘இல்ஸ்’ நதியும் தன்யூபுடன் வெகு சாந்தமாகக் கலந்துகொண்டிருந்தன. திரிவேணி சங்கமமென்று கைகூப்பத் தோன்றிற்று, இந்நீரா சுவரேறியது!

கரையோர ரொட்டிக் கடையில், “இங்கு எவ்வளவு நீர் வந்தது?” என வினவினோம். மூதாட்டியார் மேலே தொங்கிய விளக்கைச் சுட்டிக் காட்டிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணித் தந்தார்.

ஓர்கன் இசை அதற்குள் முடிந்துவிட்டது.