முன்பணம்

முன்பணம் கேட்டார்கள். என் சட்டைப்பையில் பணம் இருந்தது. கொடுக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் ஏதோ மறதியில் விட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். மறதி இல்லை. யோசித்துத்தான் செய்தேன். என்ன யோசித்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களால் சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியும்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எங்கே கூட்டமாகப் போவதானாலும் "அவன்கிட்ட விடுங்க, பாதி காசுல முடிச்சுடுவான்" என்பார்கள். சீசனில் ஊட்டியில் அறை பிடித்துத் தந்திருக்கிறேன். வேன்காரரிடம் பேட்டாவைக் குறைத்திருக்கிறேன். அந்தப் பெயரில் எனக்குக் கர்வம். பதவி உயர்வு வராதவன் வேறு எதில் பெருமைப்படுவான்? இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. கர்வம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் போட்ட திட்டம் தாய்லாந்து. புக்கெட் கடற்கரைக்கு எல்லோரும்தான் போகிறார்கள். நான் தேடிப் பிடித்தது தெற்கே சூராட் தானி மாகாணத்தில் உள்ள காவ் சோக். 1980இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மழைக்காடு. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், காட்டோரத்தில் மூங்கிலும் மரமும் கொண்டு கட்டிய குடில்கள், பக்கத்தில் ராட்சபிரபா அணை நீரில் மிதக்கும் வீடுகள். சூழல் விடுதி என்று பெயர். ஏசி கிடையாது, கொசுவலை உண்டு, வாடகை கட்டுப்படியாகும். டிசம்பர் மாதத்துக்குப் பதிவு செய்தேன். பாதிப் பணம் முன்கூட்டியே கேட்டார்கள். ரத்து செய்தால் திரும்பாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. கார்டு எண்ணைத் தட்டினேன். பேரம் பேசவில்லை. பேசுவதற்கு அங்கே மனிதர் யாரும் இல்லை.

விமானக் கட்டணம் ஏறியது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கட்டிய பணம் போனது போனதுதான். யாரிடமும் பங்கு கேட்கவில்லை. கேட்டால் கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே. நானே ஏற்றுக்கொண்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. விட்டதை வேறு எங்காவது பிடிக்க வேண்டும் என்று உள்ளே ஒரு அரிப்பு.

அந்த அரிப்போடுதான் ஜவ்வாது மலைக்குப் போனேன்.

காடு, குளிர், காட்டுக்குள் ஒரு வீடு. எல்லாம் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கிற மலை. நடுவில் ஜமுனாமரத்தூர். மழை முடிந்த கையோடு போனால் பீமன் அருவியில் தண்ணீர் இருக்கும். கோடையில் போனால் பாறைதான். ஆலங்காயம் பக்கம் இறங்கினால் காவலூர் வானாய்வகம். 1986இலிருந்து அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கணினியில் அட்டவணையாகப் போட்டேன். அருவிக்கு ஒரு வரி, வானாய்வகத்துக்கு ஒரு வரி, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வரி. எங்களைத் தங்கவைக்கப் போகிறவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை. 'தங்கல் – 400' என்று ஒரு எண்.

அந்த 400 எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

முன்கூட்டியே பார்த்துவர நான் மட்டும் போயிருந்தேன். போளூரிலிருந்து மலைப்பாதை. அரசு விடுதியில் இடம் இல்லை. டீக்கடைக்காரர்தான் அந்த வீட்டைக் காட்டினார். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலையிலேயே தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்கிறவர்கள். பழைய ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டி அரசாங்கத் திட்டத்தில் கட்டிய புது அறை ஒன்று. வாசலில் அறுத்த சாமையைக் காயப் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த அறையையும் திண்ணையையும் விட்டுக் கொடுத்துவிட்டு அவர்கள் பின்கட்டில் படுத்துக்கொள்வதாகப் பேச்சு. பன்னிரண்டு பேர், இரண்டு நாள், மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு வேளை நாட்டுக்கோழி.

"எவ்வளவு?" என்றேன். வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு நாளைக்கு அறநூறு ஆகும் சார். நீங்க பாத்துக் குடுங்க" என்றார்.

பாத்துக் குடுங்க. என் அனுபவத்தில் இதைவிட வசதியான சொல் கிடையாது. அது மரியாதைக்காகச் சொல்வது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதைப் பலவீனமாக எடுத்துக்கொண்டேன். "நானூறு வச்சுக்குவோம். எங்களுக்குப் புடிச்சிருந்தா மாசாமாசம் ஆள் அனுப்புவேன். நெரந்தர வருமானம்" என்றேன். மாதாமாதம் அனுப்ப என்னிடம் ஆளும் இல்லை, எண்ணமும் இல்லை. விலையைக் குறைக்க எப்போதும் எடுத்துவிடுகிற சரக்கு அது. அவர் தலையாட்டினார். பிறகு நான் குளியலறையைப் பார்த்தேன். மறைப்புக்கு ஒரு சாக்குதான் தொங்கியது. "எங்ககூடப் பொம்பளைங்க வர்றாங்க, கதவு வேணும்" என்றேன். "போட்டுடலாம் சார்" என்றார்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். "கொஞ்சம் முன்பணம் குடுத்தீங்கன்னா சாமான் வாங்க ஒதவும்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஜி பே இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று எனக்கு முன்னமே தெரியும். வீட்டுக்காரருடைய பட்டன் போனின் எண்ணை அப்போதுதான் குறித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்ற பதில் வந்ததும், "அப்போ வரும்போது மொத்தமா குடுத்துடறேன்மா" என்றேன்.

என் யோசனை இதுதான். திட்டம் மாறினாலும் மாறும். மாறினால் நஷ்டம் யாருக்கு? முன்பணம் கொடுத்திருந்தால் எனக்கு. கொடுக்காவிட்டால் அவர்களுக்கு. தாய்லாந்தில் ஒருமுறை பட்டாகிவிட்டது, இன்னொருமுறை நான் எதற்குப் படவேண்டும்? முகம் தெரியாத ஒரு விடுதிக்கு வாய்திறக்காமல் கட்டினேன். முகத்துக்கு நேரே நின்று கேட்டவருக்கு இல்லை என்றேன். அங்கே கட்டாவிட்டால் இடம் கிடைக்காது. இங்கே கொடுக்காவிட்டாலும் கிடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இடத்தில் நின்றபடியே இதைக் கணக்குப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை ஏலகிரியில் ஒரு விடுதியிலிருந்து போன் வந்தது. வேறொரு கூட்டம் ரத்தாகிவிட்டதாம், பாதி விலைக்குத் தருகிறேன் என்றார்கள். நீச்சல்குளம் உண்டு. மழை வரும் என்று பயந்து மாற்றினேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். வானம் தெளிவாக இருந்தது. நீச்சல்குளத்துக்காகத்தான் மாற்றினேன். அதோடு, இவ்வளவு மலிவாக இதையும் பிடித்துவிட்டான் என்று நாலு பேர் சொல்வார்கள் என்பதற்காகவும்.

இரவு அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. "பாறைமேல ஏறினாத்தான் டவர் கெடைக்கும், சாயங்காலம் ஏறிப் பாக்குறேன் சார்" என்று அவர் சொல்லியிருந்தார். நான் கூப்பிட்டதோ எல்லோரும் தூங்கியிருக்கும் நேரத்தில். பிறகு வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். பட்டன் போனுக்கு வாட்ஸாப். போய்ச் சேராது என்று தெரியும். சொல்லியாச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது.

டீக்கடைக்காரரின் எண்ணும் என்னிடம் இருந்தது. விடியற்காலையில் அவரைக் கூப்பிட்டிருந்தால் யாரையாவது வண்டியில் அனுப்பிச் சொல்லியிருப்பார். ஆனால் ஏன் வரவில்லை என்று கேட்பார். நீச்சல்குளம் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. கூப்பிடவில்லை. அந்த ஒரு அழைப்பைச் செய்திருந்தால் பாதிச் சேதம் குறைந்திருக்கும்.

இதைவிடக் கேவலமானது வேனில் நடந்தது. ஏன் ஏலகிரி என்று கேட்டார்கள். "அந்த வீட்டுக்காரர் கடைசி நேரத்துல கைய விரிச்சுட்டார்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. ஒருவர், "மலைக்காரங்கள நம்பி எதையும் வச்சுக்கக் கூடாதுப்பா" என்றார். பின் இருக்கையிலிருந்து இன்னொருவர், "செம்மரம் வெட்டப் போயிருப்பாரு" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் பலர் இந்த ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அதைப் பற்றி அன்றைக்கு டீ குடித்தபடி ஆவேசமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். எனக்கு நினைவில்லாமல் இல்லை. நினைவோடுதான் சிரித்தேன்.

நாங்கள் வராததால் அந்த வீட்டில் என்ன ஆயிற்று என்பது சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. நானாகத் தேடிப் போய்த் தெரிந்துகொள்ளவில்லை. காவலூருக்கு மகளைக் கூட்டிப்போன இடத்தில், திரும்பும் வழியில் அதே டீக்கடையில் வண்டியை நிறுத்தும்படி ஆயிற்று. மகள் பசி என்றாள். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. குரலை உயர்த்தவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

எங்களுக்காகக் கோழிகளை அறுத்திருக்கிறார்கள். அரிசி, எண்ணெய், மளிகை எல்லாம் ஜமுனாமரத்தூர்க் கடையில் கடன். போர்வைகள் பக்கத்து வீடுகளில் இரவல். ஆனால் பெரிய நஷ்டம் வேறு. டிசம்பர் என்பது கர்நாடகத்தில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். மேஸ்திரி வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு போவார். போனால் பறிப்பு முடியும்வரை கூலி நிச்சயம். இவர் அந்த வண்டியில் ஏறவில்லை. மாதாமாதம் ஆள் வரும், வீட்டிலேயே இருந்து சம்பாதிக்கலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நான் எடுத்துவிட்ட சரக்கை அவர் நம்பியிருக்கிறார். அடுத்த வண்டியில் இடம் இல்லை.

மகள் பஜ்ஜி தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "யாருப்பா அது வராம போனது?" என்றாள். "தெரியலம்மா" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகாமலே மலையிறங்கினேன்.

பிறகு ஒருநாள் தனியாகப் போனேன். அந்த அம்மாதான் இருந்தார். "வாங்க சார்" என்றார். குளியலறையில் தகரக் கதவு இருந்தது. பச்சைப் பெயிண்ட், உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். எங்கள் கூட்டத்துப் பெண்களுக்காக வாங்கியது.

அவர் முதலில் கேட்ட 600 ரூபாய்க் கணக்கில் 14,400 ரூபாயை உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்வார், நான் வற்புறுத்துவேன், பெரிய மனுஷனாகத் திரும்பலாம் என்று ஒரு காட்சியை வழியெல்லாம் மனசில் ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அவர் உறையை வாங்கி, பணத்தை எண்ணினார். "இது சோத்துக் கணக்கு சார். அவரு காப்பித் தோட்டத்துக்குப் போகாம நின்னதுக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பர்சில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் பெட்ரோலுக்கு என்று கொஞ்சம் தனியே ஒதுக்கிக்கொண்டேன்.

கணவர் கேரளத்தில் மிளகு பறிக்கப் போயிருந்தார். "அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க சார். நான் சொன்னா எடுபடாது" என்றார். எதை என்று கேட்டேன். "நீங்க வரும்போது வண்டி எங்கியோ கவுந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அன்னிக்கு ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு வளைவு வளைவா எறங்கிப் பாத்துட்டு விடியக்காலம் வந்தாரு."

வேறு எண் கொடுத்தார். ஊருக்கு வந்து கூப்பிட்டேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் வேறு இடத்துக்குக் கூட்டிப்போனேன் என்றேன். போனில் தகவல் சொல்லவும் சரியாக முயலவில்லை என்றேன். வேனில் அவரைப் பற்றிச் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "சரிங்க சார், வேலை நேரம்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பொய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஜவ்வாது மலை என்று பேச்சு வந்தால் இன்றும் யாராவது, "அங்கதானே அந்த ஆளு நம்மள ஏமாத்துனான்" என்கிறார்கள். நான் இதுவரை மறுத்ததில்லை. நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தப் பத்திரிகை எங்கள் அலுவலகத்துக்கும் வருகிறது. முதலில் பிரித்துப் படிப்பவர், அன்றைக்கு வேனில் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்.