190 கேட்பதற்கு முன்

காத்தான்குடியில் காசு வைத்துச் சீட்டாடினால் வீட்டில் சோறு கிடையாது. மார்க்கம் விலக்கிய சூது அது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. போக்கரில் பணம் செய்கிற வேலையை எங்கள் 304 சீட்டாட்டத்தில் கல் செய்கிறது. சோடிக்குப் பத்துக் கல், புளியங்கொட்டையே போதும். சீட்டைத் தொடுவதே பிழை என்பாரும் ஊரில் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

ஆட்டம் தெரியாதவருக்கு: ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. நாலு சீட்டை மட்டும் பார்த்து, பிடிக்கப்போகும் புள்ளியை 160இலிருந்து பத்துப் பத்தாக ஏற்றிக் கேட்க வேண்டும். மீதி நாலு பிறகுதான் வரும். ஊருக்கு ஊர் சட்டம் மாறும். நாங்கள் ஆடும் முறையில் 190 வரை கேட்டு வென்றால் ஒரு கல், தோற்றால் இரண்டு. 200 கேட்டு வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று.

சூட்சுமம் இங்கேதான். 190 கேட்பவர் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால்தான் கையைக் கடிக்காது. 200 கேட்பவருக்கு ஐந்தில் மூன்று போதும். இடையில் இருப்பது வெறும் பத்துப் புள்ளி. ஆகவே நல்ல கை வந்தால் நேரே 200 கேளுங்கள். 190 எதிராளியை 200க்குத் தள்ளிவிடுவதற்கான கேள்வி.

யாரைத் தள்ளுவது? பலமான கைக்காரரைத் தள்ளினால் கூடுதலாக ஒரு கல்லை நாமே பரிசளிக்கிறோம். தடுமாறுகிறவரைத்தான் தள்ள வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வோரை நான் நம்புவதில்லை. என் கையைத்தான் பார்ப்பேன். ஸ்கோப்பன் ஜாக், கலாவரை ஜாக், கூடவே உதவாத இரண்டு சீட்டு என்று வையுங்கள். துரும்பு பேச லாயக்கற்ற கை. ஆனால் 60 புள்ளி எதிர்ச்சோடிக்கு எட்டாமல் என்னிடம் கிடக்கிறது. 200 கேட்டவரை விழுத்த எங்களுக்கு 105 போதும். அவர் 180 என்றதும், இழுக்காமல், 190 என்பேன்.

"காக்கா, விடுறீங்களா, கேக்குறீங்களா?"

அவர் விட்டுவிட்டால் 190 என் தலையில். அப்போதும் இரண்டு ஜாக் துணைக்கு இருக்கிறது. ராணியும் ஏழும் மட்டும் வைத்துக்கொண்டு ஏற்றுவது வேறு. அது எதிரே இருக்கும் கூட்டாளியைக் குழியில் தள்ளும் வேலை.

உங்கள் பக்கம் இரண்டே கல் மிஞ்சியிருந்தால், இரண்டு ஜாக் வந்தாலும் இந்த வேலை வேண்டாம். பாஸ் சொல்லுங்கள்.