பட்டாவும் பிளாக்செயினும்

பதிவுகளைச் சங்கிலிபோல் பிணைத்துப் பல கணினிகளில் ஒருங்கே வைத்து, எவரும் சத்தமின்றித் திருத்த முடியாதபடி காக்கும் பிளாக்செயின் நுட்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 2020இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நிலப்பதிவுகளை இந்நுட்பத்தில் ஏற்றுவதன் சமூக விளைவைக் கணினித் துறையினர் மட்டும் ஆராய்ந்தால் போதாது. எடுத்துக்காட்டாக, சேந்தமங்கலம் வட்டாரத்தில் நிலம் என்பது பட்டா எனும் வருவாய்த்துறைச் சான்று மட்டுமன்று, வாய்மொழிப் பாகப்பிரிவினையும் ஊரறிந்த வரப்பும் பொதுக்கிணற்று முறைத்தண்ணீரும் சேர்ந்ததே. 1980களில் யூ.டி.ஆர். எனும் நிலப்பதிவு மேம்பாட்டுப் பணியில் தவறாக ஏறிய பெயர்களைத் திருத்தக் கோரித் தமிழகத்தில் இன்றும் மனுக்கள் வருகின்றன. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவில், மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்குரிமை தந்த 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னும், அவர்களின் பங்கு பல குடும்பங்களில் எழுதப்படாமலே கிடக்கிறது. பிளாக்செயினில் பிழையை அழிக்க இயலாது, மேலும் ஒரு பதிவைச் சேர்க்கவே இயலும் என்பதால், யார் சொல் பதிவாகிறது, யார் சாட்சியம் விடுபடுகிறது என்று கேட்டுப் பழகிய வரலாற்றாய்வாளரும் மானிடவியலாளரும், பதிவேற்றத்துக்கு முன்பே அடங்கல் எனும் ஊர்ச் சாகுபடிக் கணக்கையும் ஊர்ப்பேச்சையும் ஒருங்கே படித்தாக வேண்டும்.