பதிமூணா, பதினாலா?

மொபைல் வாங்கும்போது நம்ம எல்லாருக்கும் வர்ற குழப்பம்தான் இது. பழைய மாடலுக்குத் தள்ளுபடி, புது மாடல் மேல ஆசை. என் விஷயத்தில் அது சாக்கனி கின்வாரா என்கிற லைட்வெயிட் ரன்னிங் ஷூ. 13 வாங்கவா, 14 வாங்கவா? விலை வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மாச மெஸ் பில்.

எனக்கு இது கடைசி வருஷம். சோனல் மீட்ல 5000 மீட்டர் ஓட இதுதான் கடைசி வாய்ப்பு. போன வருஷம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஆறு வாரம் கேலரியில் உட்கார்ந்து கைதட்டினேன். அதனால இந்தத் தடவை கலரைப் பார்த்து வாங்குறதா இல்லை. நம்பரைப் பார்த்து முடிவு பண்ணலாம்னு உட்கார்ந்தேன். உங்களுக்கும் ஒரு நாள் இது உதவும், வாங்க.

முதல்ல எடை. ரெண்டுமே 200 கிராமை ஒட்டித்தான் இருக்கு. ஆனா விளம்பரத்தைப் படிச்சா, பத்து கிராம் குறைஞ்சதே பெரிய புரட்சி மாதிரி தெரியும். 2016-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஓடுபவருக்குத் தெரியாமல் ஷூவுக்குள் ஈயக் குண்டுகளை வைத்து 3000 மீட்டர் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், ஓடி முடிக்கும் நேரம் சுமார் 0.78 சதவீதம் கூடியது.

இப்ப கால்குலேட்டரை எடுங்க. பத்து கிராமுக்கு 0.078 சதவீதம். நான் 5000 மீட்டரை 20 நிமிஷத்தில் முடிக்கிற ஆள், அதாவது 1200 நொடி. மிச்சமாவது ஒரு நொடிக்கும் குறைவு. அதுக்காக ஒரு மாச மெஸ் பில்லா?

அடுத்தது அடிப்பாகத்தின் தடிமன். 13-ல் குதிகாலுக்குக் கீழே 28.5 மில்லிமீட்டர், முன்பாதத்துக்குக் கீழே 24.5. 14-ல் 31, 27. ரெண்டு இடத்திலும் 2.5 மி.மீ. கூடியிருக்கு. இப்ப ஒவ்வொண்ணுக்கும் குதிகாலிலிருந்து முன்பாதத்தைக் கழிங்க. இதுவும் 4, அதுவும் 4. இந்த விடைக்குத்தான் டிராப்னு பேர்.

என் காலுக்கு முக்கியமான நம்பர் இதுதான். டிராப் குறைந்தால் குதிகால் தாழ்ந்து நிற்கும். கெண்டைத் தசைக்கும் அகில்லஸ் தசைநாணுக்கும் வேலை கூடும். டிராப் கூடினால் சுமையில் ஒரு பங்கு முழங்கால் பக்கம் போகும். சுமை எங்கேயும் காணாமப் போறதில்லை, இடம்தான் மாறுது. முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல படிச்ச அதே கதை.

நான் இத்தனை நாள் போட்டிருந்த ஷூவில் டிராப் 10. அப்போ 13 வாங்கினாலும் 14 வாங்கினாலும் என் கெண்டைக்காலுக்கு ஒரே மாற்றம்தான். புதுசு வாங்கினா கால் தப்பிச்சிடும்னு நினைக்க வழியே இல்லை. தப்பிக்க ஒரே வழி, மெதுவாகப் பழகுவது. வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் புது ஷூ, அதுவும் குறைஞ்ச தூரம். மத்த நாள் பழைய ஷூ.

ஆக, மிச்சம் இருந்த வித்தியாசம் காலடியில் தெரிவது மட்டும்தான். சாயங்காலமா கடைக்குப் போனேன். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. ஓடும்போது போடும் அதே சாக்ஸ். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கான்னு பார்த்தேன். 14 மெத்துன்னு இருந்தது. 13-ல் தரை நல்லாத் தெரிந்தது.

எது நல்லதுன்னு கேட்காதீங்க, எங்கே ஓடுறீங்கன்னு கேளுங்க. எங்க கிரவுண்ட் செம்மண். மழை பெய்து காய்ந்தால் மாட்டுக் குளம்புப் பள்ளம் நிறைய இருக்கும். அங்கே கால் எதில் இறங்குதுன்னு தெரியணும். ஹாஸ்டல் ரோடு கான்கிரீட். அங்கேயே தினமும் ஓடுபவர் என்றால் 14 எடுக்கச் சொல்வேன். எனக்கு வாரத்தில் நாலு நாள் கிரவுண்ட், ஒரு நாள்தான் ரோடு. 13-க்கே பில் போடச் சொன்னேன். பழைய ஸ்டாக் என்பதால், பசை விட்டிருக்கான்னு வளைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் பாருங்க. இன்னொன்று, ரெண்டிலுமே அடியில் முழுசா ரப்பர் கிடையாது. எடை குறையணும்னா எதையாவது எடுக்கணுமே! தார் ரோட்டில் சீக்கிரம் தேயும்.

எங்க டீமில் ஒரு ஜூனியர் வெறுங்காலிலேயே ஓடுறான். 5000 மீட்டரில் என்னை முக்கால் ரவுண்டு முந்துவான். இந்தக் கணக்கையெல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "சூப்பர்ணா. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கிரவுண்டுக்கு வந்துடுங்க"ன்னான்.

போய்க்கிட்டுத்தான் இருக்கேன். இது மூணாவது வாரம். கெண்டைக்கால் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலை. சோனலுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு.